பள்ளிக்கூடத்துக் கட்டுச்சோறு

நம்முடைய பள்ளிக்கூடங்களில் கணக்குக்கு இத்தனை நேரம், மொழிக்கு இத்தனை நேரம், விளையாட்டுக்கு இத்தனை நேரம் என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நடுவே ஒரு மணி அடிக்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைத் திறக்கிறார்கள். அல்லது தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்த நேரத்துக்குப் பட்டியலில் 'இடைவேளை' என்று பெயர். இரண்டு வேலைகளுக்கு நடுவே வேலை ஏதும் இல்லாத வேளை என்பது அதன் பொருள். ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைக்கு அந்த வேளையும் ஒரு பாட வேளையே என்று நாம் கருதுகிறோம். அதில் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

வழிக்கு எடுத்துச் செல்லும் உணவுக்குத் தமிழில் அழகான பழைய பெயர்கள் உண்டு. ஆறு என்றால் வழி. ஆகவே வழியில் உண்பதற்கான உணவை ஆற்றுணா என்றார்கள். பொதிசோறு என்றும் சொன்னார்கள். கட்டுச்சோறு என்பது இன்றும் வழக்கில் இருக்கிறது. தலைநகரில் வாழும் நம் குழந்தைகளுக்கு இந்த மூன்றும் தெரியா. அவர்களுக்குத் தெரிந்தது 'டிபன்'. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் வழங்கிய இந்தச் சொல் தெற்கே வந்து இட்லி, தோசை, உப்புமா முதலியவற்றுக்குப் பொதுப் பெயர் ஆயிற்று; வடக்கே அதே சொல் உணவைத் தாங்கும் பாத்திரத்தையே குறிக்கலாயிற்று. தில்லிப் பிள்ளை 'டிபன் மறந்துவிட்டேன்' என்றால் பாத்திரமும் வீட்டிலேயே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அரசாங்கம் பள்ளியிலேயே சமைத்துப் போடும் உணவுக்கு இந்தி ஆவணங்களில் 'மத்யாஹ்ன போஜன்' என்று பெயர். அதைத் தமிழில் முதலில் 'மதிய உணவு' என்றார்கள். 1982 முதல் 'சத்துணவு' என்கிறார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள நமக்கு இந்தப் பெயர் மாற்றம் சுவையானதாகத் தோன்றுவதுண்டு. முதற்பெயர் வேளையைச் சொல்கிறது. இரண்டாவது பெயர் ஒரு வாக்குறுதியைச் சொல்கிறது. அந்த வாக்குறுதி நிறைவேறுகிறதா என்று கேட்கும் உரிமையையும் அது பெற்றோருக்குத் தந்துவிடுகிறது.

இந்தக் கதை சென்னையில் தொடங்குகிறது. பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, 1920 ஆம் ஆண்டில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள தன் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது. ஒரு குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு ஆகக்கூடாது என்பது நிபந்தனை. செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுக்க அன்றைய அரசாங்கம் இசையாததால் 1925 இல் அது நின்றது. பின்னர் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு துணை நிற்க, 1956 இல் சென்னை இராஜ்யம் முழுவதற்குமாக மதிய உணவு வந்தது. அரசாங்கமும் ஊராரும் செலவைப் பகிர்ந்துகொண்டனர். 1982 ஜூலையில் எம். ஜி. இராமச்சந்திரன் அரசாங்கம் அதைச் சத்துணவாக விரிவாக்கியது. 1989 இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, இன்று தமிழ்நாட்டில் பள்ளி நாள்தோறும் முட்டை என்ற நிலையில் இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து காலை உணவும் சேர்ந்திருக்கிறது.

இந்தியா முழுமைக்கும் என்று பார்த்தால் 1995 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள்தான் தொடக்கம். ஆனால் அன்று தொடங்கியது சமைத்த உணவு அன்று. பெரும்பாலான மாநிலங்களில் ஒழுங்காகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு மாதம் 3 கிலோ தானியம் அளந்து கொடுத்தார்கள். அதில் தவறு என்ன என்று கேட்கலாம். தானியம் வீட்டுக்குப் போனது. வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு பங்காயிற்று. அது நியாயமே, பசித்த வீட்டில் ஒரு குழந்தைக்கு மட்டும் தனி உலை வைக்கத் தாயின் மனம் இடங்கொடாது. ஆயினும் பகல் பன்னிரண்டு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தையின் வயிறு முன்போலவே காலியாக இருந்தது. 2001 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையே இதை மாற்றியது. தானியமாகக் கொடுத்தது போதாது. சமைத்துப் பரிமாற வேண்டும். ஆண்டில் குறைந்தது 200 நாள் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையிலும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் இருக்க வேண்டும் என்று அந்த ஆணை கூறிற்று. 2013 இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் சட்ட உரிமை ஆக்கிற்று. 2021 முதல் இத்திட்டம் 'பிரதம மந்திரி போஷண்' என்ற பெயரால் வழங்குகிறது.

இப்போது தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நிர்ணயித்திருக்கும் அளவு 450 கலோரி, 12 கிராம் புரதம். இதைச் சமையலறை மொழியில் சொன்னால் 100 கிராம் அரிசி அல்லது கோதுமை, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். எண்களைக் கண்டு யாரும் மிரள வேண்டுவதில்லை. வீட்டில் ஒரு நாள் தராசில் 20 கிராம் துவரம் பருப்பை நிறுத்துப் பாருங்கள். குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும். அந்தப் பருப்பு இல்லாமல் வெறும் சாதமும் உருளைக்கிழங்கும் வைத்தால் வயிறு நிறையும், வாக்குறுதி நிறைவேறாது. அரசாங்கத்துப் பள்ளிக்கு ஏற்பட்ட இந்த அளவுகோலை, வீட்டிலிருந்து உணவு அனுப்பும் பெற்றோரும் கைக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பள்ளியிலே உண்பதுதான் நாளின் முதற்பெரும் உணவு என்று இருக்கும் குழந்தைக்கு 450 கலோரி வேண்டும். காலையில் பாலும் ரொட்டியும் உண்டு, இரண்டு மணிக்கு வீடு திரும்பி மறுபடி உட்கார்ந்து உண்ணும் குழந்தைக்கு அதில் பாதியே மிகுதி. 'பாதிப் பாத்திரம் திரும்பி வருகிறதே' என்று வருந்தும் தாய்மார் பலர், குழந்தையின் பசியை அளக்காமல் பாத்திரத்தின் கொள்ளளவை நிரப்பியவர்களே.

இனி பாத்திரத்துக்கு வருவோம். தில்லியில் பள்ளி வண்டி காலை ஏழு மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடுகிறது. ஆகவே அடுப்பு மூட்டுவது ஐந்தரைக்கு. குழந்தை மூடியைத் திறப்பது பத்தே முக்கால் அல்லது பதினோரு மணிக்கு. இடையில் ஐந்து மணி நேரம். சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் பொது விதி. இந்த விதியை அப்படியே கொண்டால் இந்தியாவில் கட்டுச்சோறு என்பதே இல்லாமற் போகும். நம் முன்னோர் நுண்ணுயிர்களின் பெயர் அறியார். ஆனால் எது தாங்கும், எது தாங்காது என்பதை அறிந்திருந்தனர். புளிக்காய்ச்சலில் புளிப்பும் உப்பும் எண்ணெயும் கூடி நிற்கின்றன, நீர் சுண்டிப்போயிருக்கிறது. அந்த இடத்தில் கெடுதல் செய்யும் உயிர்கள் எளிதில் பெருகுவதில்லை. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியும் அத்தகையதே. இட்லி மாவு ஏற்கனவே புளித்தது, பொடியில் நீர் கிடையாது. அதே இட்லிக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சட்னியை ஊற்றி வைத்தால் ஏப்ரல் மாதத்துத் தில்லியில் பத்து மணிக்குள் நாற்றம் எடுக்கும். தேங்காயும் நீரும் சேர்ந்த பண்டத்துக்கு வெயில் ஆகாது.

தயிர்ச்சாதத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. வெயிற்காலத்தில் சாதத்தில் தயிரையே பிசைந்து அனுப்பினால் பதினோரு மணிக்கு அது குழந்தை முகஞ்சுளிக்கும்படி புளித்துவிடும். குழைந்த சாதத்தைச் சற்று ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு கரண்டித் தயிரைச் சேர்த்துப் பிசைந்தால், வழியில் பால் தயிராகத் தோய்கிறது. குழந்தை உண்ணும் நேரத்தில் அது சரியான பக்குவத்தில் இருக்கிறது. வண்டியில் போகும் ஐந்து மணி நேரத்தையே சமையலின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொள்ளும் இந்த உபாயத்தை நாம் எந்தப் பாகசாஸ்திர நூலையும் விட மேலாக மதிக்கிறோம். அதே உபாயம் சனவரி மாதத்தில் பலிக்காது. அப்போது காலை வெப்பம் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பால் பாலாகவே நிற்கிறது. சாதம் கல்லாக இறுகிவிடுகிறது. தில்லித் தமிழ்க் குடும்பங்கள் குளிர்காலத்தில் சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவது நாவின் மாற்றம் மட்டுமன்று.

வெறும் சாதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அரிசியில் ஒட்டியிருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே முந்தின இரவுச் சோற்றைக் காலையில் தாளித்து அனுப்புவதாயின், இரவே ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அடுப்பின் மேல் மூடி வைத்திருந்த சோறு குழந்தைக்கு ஆகாது.

வட நாட்டார் இதே சிக்கலைக் கோதுமையைக் கொண்டு தீர்த்திருக்கிறார்கள். குஜராத்திகளின் 'தேப்லா' வெந்தயக் கீரையும் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து பிசைந்த ரொட்டி, நெடும்பயணத்துக்கே ஏற்பட்டது. பிகாரில் வறுத்த கொண்டைக்கடலை மாவாகிய 'சத்து'வை உள்ளே வைத்துப் பராட்டா செய்கிறார்கள். அரசாங்கம் கேட்கும் புரதம் அதில் சிரமமின்றி வந்துவிடுகிறது. பஞ்சாபிகளின் உருளைக்கிழங்குப் பராட்டாவும் மாங்காய் ஊறுகாயும் எல்லாருக்கும் தெரிந்தவை. ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்ததும் மூடினால் ஆவி நீராகி அதை நனைத்துவிடும். சிறிது ஆறவிட்டு, நெய் தடவி, துணியில் சுற்றி வைக்க வேண்டும். சூடான பண்டத்தை இறுக மூடினால் மற்றொரு தொல்லையும் உண்டு. ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, மூடி ஒட்டிக்கொள்கிறது. ஆறு வயதுக் குழந்தையால் அதைத் திறக்க முடிவதில்லை. கேட்க வெட்கப்பட்டு அப்படியே பைக்குள் வைத்துவிடுகிறது. புதுப் பாத்திரம் வாங்கும் தந்தைமார், கடையிலேயே குழந்தையின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்வது நல்லது. பித்தளைத் தூக்குக்கு ஈயம் பூசிய காலத்தில் புளிச்சோறு வைக்க அஞ்ச வேண்டியிருந்தது. எவர்சில்வர் வந்தபின் அந்த அச்சம் இல்லை.

இவ்வளவும் பாத்திரத்துக்குள் இருப்பதைப் பற்றியது. குழந்தைக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது பாத்திரத்துக்கு வெளியே இருக்கிறது. அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம்.

இந்த நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. அங்கே இட்லியைக் கண்டு யாரும் வியப்பதில்லை. ஆனால் மத்திய அரசாங்கத்தில் வேலை பார்க்கும் நம்மவர் பலருடைய குழந்தைகள் கேந்திரிய வித்தியாலயங்களிலும் வேறு பள்ளிகளிலும் படிக்கிறார்கள். மாற்றலாகிப் போகும் அலுவலரின் பிள்ளைகளுக்காகவே 1963 இல், 20 படைப்பிரிவுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கியவை கேந்திரிய வித்தியாலயங்கள். ஆகவே அங்கே ஒரு வகுப்பில் திறக்கும் நாற்பது பாத்திரங்களில் பாரத தேசத்துச் சமையலறைகளில் பாதியையாவது காணலாம். ஒற்றுமையைப் பற்றி ஓராயிரம் சொற்பொழிவு செய்வதைக் காட்டிலும் இது பெரிய வாய்ப்பு. வாய்ப்பு என்றுதான் சொல்கிறோம். அது தானாகப் பலன் தருவதில்லை.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவர்கள் பெண், 'அம்மா, முழுவதும் சாப்பிட்டுவிட்டேன்' என்று காலிப் பாத்திரத்தை நாள்தோறும் காட்டி வந்தாள். உடம்போ இளைத்துக்கொண்டே போயிற்று. மாலையில் வீடு வந்ததும் கைக்குக் கிடைத்ததை எடுத்து விழுங்கினாள். மூன்று வாரங் கழித்து, வகுப்பு ஆசிரியை தாயை அழைத்து, அவள் உணவைக் குப்பைத் தொட்டியில் கொட்டுகிறாள் என்று தெரிவித்தார். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் வாரத்தில் பக்கத்துப் பையன் மிளகாய்ப் பொடி இட்லியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு என்னவோ சொன்னானாம், மற்றவர்கள் சிரித்தார்களாம். அந்தப் பையனுக்கு வயது ஏழு. அவன் பெருங்காயத்தை அதற்கு முன் அப்படி முகர்ந்ததில்லை.

ஆசிரியை செய்ததைச் சொல்ல வேண்டும். அவர் பையனைக் கண்டிக்கவில்லை. தாமும் தம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். தம்முடையது என்ன, யார் சமைத்தது என்று சொன்னார். அடுத்த பிள்ளையைக் கேட்டார். அப்படியே சுற்றி வந்தது. அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு விள்ளல் இட்லியை வாங்கி உண்டு, மறுபடியும் கேட்டார். சில நாளில் இரண்டு பிள்ளைகள் பொடியைக் கேட்டு வாங்கும் அளவுக்கு வந்தார்கள். மூக்கைப் பொத்திய பையன் அவர்களில் ஒருவன் அல்லன். பெண் இப்போது ஒழுங்காக உண்கிறாள். ஆனால் புளியோதரை கொண்டுபோக இன்றும் சம்மதிப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பராட்டாதான் வேண்டும் என்கிறாள். தாயும் அதற்கு இசைந்திருக்கிறார். இதில் நாம் குறை காணவில்லை. கட்டுச்சோறு என்பது வீட்டின் கொடி அன்று, எல்லா இடத்திலும் தூக்கிப் பிடிப்பதற்கு. குழந்தை தன் தோழியரைப் போல் ஒரு நாள் உண்ண விரும்புவது அவர்களைச் சேர்ந்துகொள்ளும் வழிகளுள் ஒன்று.

சில பள்ளிகள் இந்தச் சிக்கலை வேறுவிதமாகத் தீர்க்க முற்படுகின்றன. முட்டையும் இறைச்சியும் பாத்திரத்தில் வரலாகாது என்று சுற்றறிக்கை அனுப்புகின்றன. இறைச்சி கெடும், வாசனை எழும், மற்றவர் மனம் புண்படும் என்று காரணம் கூறுகின்றன. முதற்காரணத்தில் நியாயம் உண்டு. ஐந்து மணி நேரம் பையில் கிடக்கும் மீன்குழம்பை நாமும் பரிந்துரைக்கமாட்டோம். ஆனால் கெடுதல் என்பதே காரணமானால் தேங்காய்ச் சட்னியையும் வெறுஞ்சோற்றையும் அல்லவா முதலில் தடுக்க வேண்டும்? ஒரு குழந்தையின் வீட்டில் நாள்தோறும் நடக்கும் காரியத்தை அதன் பள்ளிக்கூடம் நாகரிகக் குறைவு என்று எழுத்தில் கொடுத்தால், அந்தக் குழந்தை யாரைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொள்ளும் என்பதை நிர்வாகிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசாங்கத்து உணவிலும் இதே கேள்வி இன்னும் கடுமையான வடிவத்தில் எழுகிறது. அங்கே எல்லாருக்கும் ஒரே உலைச் சோறு. ஆகவே பாத்திரத்துக்குப் பாத்திரம் ஒப்பிட வழியில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றை உண்பது, இந்தத் திட்டம் தந்த கலோரிகளுக்குக் குறையாத பயன். சமையல் வேலையில் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் முதலிடம் தர வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன் கருத்தும் இதுவே. ஆயினும், சமைத்தவர் இன்னார் என்ற காரணத்தால் பிள்ளைகளை அந்தச் சோற்றை உண்ணவொட்டாமல் வீட்டிலிருந்து பாத்திரம் கொடுத்தனுப்பிய பெற்றோரும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் உத்தராகண்டத்துச் சம்பாவத் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அப்படி நடந்தது பத்திரிகைகளில் வந்தது. நாம் மேலே புகழ்ந்த கட்டுச்சோறு அந்த இடத்தில் ஒரு வேலியாகிவிடுகிறது. அதற்குள் எத்தனை நல்ல நெய் இருந்தாலும் அது குழந்தைக்குப் பத்தியமாகாது.

சமைப்பவர்களைப் பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். அவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2009 இல் மத்திய அரசாங்கம் நிர்ணயித்தது. சில மாநிலங்கள் தம் பொறுப்பில் கூட்டித் தருகின்றன. தராத இடங்களும் உண்டு. நூறு பிள்ளைகளுக்கு உலை வைப்பவருக்கு இது கூலி என்று சொல்ல நா எழவில்லை. ஆவணங்களும் அதை 'மதிப்பூதியம்' என்றே குறிக்கின்றன. 2013 ஜூலையில் பிகாரின் சாரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த உணவை உண்டு 23 பிள்ளைகள் மாண்டனர். அதன் பின்னர் வந்த 2015 ஆம் ஆண்டு விதிகள், பரிமாறுவதற்கு முன் ஓர் ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்கின்றன. இதை வெறும் சோதனையாகக் கொள்ளாமல், ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சோற்றை முழுதும் உண்பது என்று கொண்டால் எவ்வளவோ காரியம் நடக்கும். தலைமை ஆசிரியர் நாள்தோறும் உண்ணும் பள்ளியில் பருப்பு நீர்த்துப்போவதில்லை.

தில்லி மாநகராட்சிப் பள்ளிகளில் உலை பள்ளியில் இல்லை. தொலைவில் உள்ள பெரிய சமையற்கூடங்களில் ஆக்கி, பெரும் பாத்திரங்களில் வண்டியேற்றி அனுப்புகிறார்கள். சுத்தம் பேண இது வசதி. ஆனால் இதுவும் ஒருவகைக் கட்டுச்சோறே. நேரத்தோடும் வெப்பத்தோடும் வீட்டுத் தாய்மார் போடும் அதே போராட்டத்தை அந்தச் சமையற்கூடங்களும் போட வேண்டியிருக்கிறது.

கடைத் தின்பண்டங்களைப் பற்றி நாம் நீளப் பேசப் போவதில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதன் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் 2020 இல் விதி வகுத்திருக்கிறது. வாசலில் விற்காததை வீட்டிலிருந்தே பொட்டலமாகக் கொடுத்தனுப்பினால் விதி என்ன செய்யும்? அவசரத்தில் ஒரு நாள் பிஸ்கோத்து வைப்பதால் உலகம் முழுகிவிடாது. வாரத்தில் நான்கு நாள் அவசரம் என்றால், எழுந்திருக்கும் நேரத்தை மட்டுமல்ல, தாய் ஒருத்தியே ஏன் எழுந்திருக்கிறாள் என்பதையும் அந்த வீட்டார் யோசிக்க வேண்டும். தந்தைமார் வாழைப்பழத்தை உரிக்கவும் ரொட்டிக்கு நெய் தடவவும் எந்த அரசாங்க ஆணையும் தேவையில்லை.

கடைசியாக நேரத்தைப் பற்றி. பல பள்ளிகளில் இந்த இடைவேளை இருபது நிமிடம். தாராளமானவற்றில் அரை மணி. முந்தின பாடத்து ஆசிரியை நோட்டுப் புத்தகம் திருத்தி முடிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார். கை கழுவும் குழாய் இரண்டு, பிள்ளைகள் நாற்பது. வரிசையில் நின்று கழுவி வர ஆறேழு நிமிடம். மிஞ்சியது எட்டு நிமிடம். அதற்குள் விளையாட்டும் கூப்பிடுகிறது. ஏழு வயதுக் குழந்தை ஒரு சப்பாத்தியைப் பிட்டு, மென்று, விழுங்கிப் பக்கத்தில் உள்ளவனோடு இரண்டு வார்த்தை பேச இது போதுமா? போதாது என்பது கண்கூடு. கை கழுவாமல் உண்பதும், பாதியில் மூடுவதும், மூக்கைப் பொத்தியவனைச் சமாதானப்படுத்த யாருக்கும் பொழுதில்லாமற் போவதும் எல்லாம் இங்கிருந்தே பிறக்கின்றன. உண்பதற்குத் தனியாக அரை மணியும், அதன் பின் விளையாடக் கால் மணியும் என்று பிரித்துக் கொடுப்பதால் கணக்குப் பாடம் குன்றிவிடாது. உண்டு முடிக்காமல் உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் கணக்கு ஏறுவதில்லை.

தில்லியில் கோடை விடுமுறை முடிந்து ஜூலை முதல் நாள் பள்ளிகள் திறக்கின்றன. முதற்கூட்டத்தில் பெற்றோர் சீருடையைப் பற்றியும் வண்டிக் கட்டணத்தைப் பற்றியும் கேட்பார்கள், கேட்கட்டும். அத்துடன் இன்னும் மூன்றைக் கேட்கும்படி வேண்டுகிறோம். மணி அடித்த பிறகு எங்கள் குழந்தைக்கு உண்ண உண்மையாக எத்தனை நிமிடம் கிடைக்கிறது? குழாய்கள் எத்தனை? அந்த நேரத்தில் பெரியவர் யார் கூட உட்கார்ந்திருக்கிறார்?